கையிலிருந்து எடுத்த ஆட்டம்

சரவணம்பட்டியில் மூடிக்கிடந்த ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில் அந்தக் காப்பகம் இயங்கி வந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோ கேம்களை அங்கே சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் ஆடக் கூடாது.

சட்டம் அப்படி. அழிந்துபோகும் நிலையில் இருக்கும் ஆட்டத்தைக் காப்பகம் பத்திரப்படுத்தலாம். ஆனால் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் இயக்கக் கூடாது. உரிமையாளர்களில் பாதிப்பேர் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டுப் போனவர்கள். மீதிப்பேர் பதில் போடுவதில்லை. மாதம் ஒரு பள்ளிக்கூடமாவது பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வரும். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் பழைய போன்களையும் கன்சோல்களையும் பார்த்துவிட்டு, "ஆடிப் பாக்கலாமா மிஸ்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். "பாக்கறதுக்கு மட்டும்தான் கண்ணு" என்பாள் காப்பாளர் சாருமதி. பதினோரு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கே நாக்கு கசந்துவிட்டது. சாப்பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சமையல் கலையைக் காப்பாற்றுகிறோம் என்று பெயர்ப்பலகை மாட்டியது போலத்தான் இருந்தது அவள் உத்தியோகம்.

இதைவிட மோசமான நிலையில் சில ஆட்டங்கள் இருந்தன. அவற்றில் பூட்டி வைக்கக்கூட எதுவும் மிஞ்சவில்லை. போனில் வெறும் முகப்பு மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும். நிறுவனம் சர்வரை அணைத்தால் ஆட்டம் போய்விட்டது, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் ஆறு இளைஞர்கள் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதிய 'மதகு' அப்படிப் போன ஆட்டம். ஒரு காலத்தில் அதை லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழில் கத்திக்கொண்டே ஆடினார்கள். இப்போது அதன் ஒரு காட்சிகூடக் கிடைக்கவில்லை. எழுதிய ஆறு பேரில் நால்வர் உயிரோடு இல்லை. மற்ற இருவர் தங்களிடம் எதுவும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நிறுவனம் நாலு தடவை கைமாறி, கடைசியாக வாங்கிய பெங்களூரு நிறுவனத்தைச் சாருமதி பிடித்துக் கேட்டபோது, "அப்படியொரு ஆட்டம் எங்களுடையதே இல்லை" என்றார்கள்.

மிச்சமிருந்தது ஆடியவர்களின் கைகள் மட்டும்தான்.

கையை வாசிக்கும் முறை வந்து மூன்று வருஷமாகியிருந்தது. வருஷக்கணக்கில் ஆடிய ஒருவரின் விரல்களும் மூளையும் ஆட்டத்தை வைத்திருக்கும் என்பதும், அதைத் தலைத்தொப்பியாலும் கையுறையாலும் பதிவுசெய்து மறுபடி கட்டிவிடலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகிவிட்டன. காப்பகத்தில் இந்த வேலையைப் பார்த்தவர் டாக்டர் எட்வின், நாகர்கோவில்காரர். முப்பது பேருக்கு மேல் வாசித்திருந்தார். 'மதகு ஆடியவர்கள் தேவை' என்று சாருமதி அறிவிப்புக் கொடுத்து நாலு மாதம் கழித்து ஒரு பெண்மணி மாடி ஏறி வந்தார். கையில் தேங்காய் பன் பொட்டலம். பெயர் கோகிலவாணி, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காந்திபுரத்திலும் சிங்காநல்லூரிலும் பேக்கரி வைத்திருந்தார்.

"மதகு ஆடுனவங்களத் தேடறது நீங்கதானா அம்மிணி?"

"ஆமாக்கா. நீங்க எந்தப் பக்கம் ஆடுனீங்க? மேலயா, கீழயா?"

"மேல. கடைசி வரைக்கும் மேலதான். கீழ அவரு."

"அவருன்னா?"

"என்ற பழைய வீட்டுக்காரர். இப்ப இல்ல."

"அடடா, மன்னிச்சுக்கங்க."

"செத்துப் போகலீங். கோர்ட்டுல பிரிச்சு உட்டாங்க. திருப்பூர்ல நல்லா இருக்கறாரு."

மதகு இரண்டு பேர் ஆடும் ஆட்டம். ஊரில் வெள்ளம் புகுந்துவிட்டது. ஒருவர் மேலே நின்று மதகுகளைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் கீழே படகில் போய் வீடுகளில் சிக்கியவர்களை ஏற்றி வர வேண்டும். மேலே இருப்பவருக்குப் படகு தெரியாது. கீழே இருப்பவருக்கு மதகு தெரியாது. பேசிக்கொள்ள மட்டும்தான் முடியும். தப்பான நேரத்தில் மதகைத் திறந்தால் கீழே இருப்பவர் மூழ்கிப் போவார். இதையெல்லாம் கோகிலவாணி சொல்லும்போதே அவருடைய வலது கை விரல்கள் மேஜைமேல் எதையோ தள்ளி விட்டுக்கொண்டிருந்ததைச் சாருமதி கவனித்தாள்.

எட்வின் எல்லாவற்றையும் விளக்கினார். "நீங்க மனசுக்குள்ள ஆடணும். ஆடும்போது பழைய ஞாபகம் இளகி மேல வரும். அத நாங்க பதிஞ்சுக்கிடுவோம். நல்லாப் பதியணும்னா ஒரு மருந்து குடுக்கணும். அந்த மருந்தால, இளகி வந்தது திரும்ப உறையாது. அதனால ஆட்டம் உங்களுக்கு மறந்து போவும்."

"முழுசாவா?"

"முழுசா. ஆனா ஆட்டம் மட்டும்தான். வேற ஒண்ணும் ஆவாது. இதுவரைக்கும் யாருக்கும் ஆனதில்ல."

"மறந்தா நல்லதுதானுங்க" என்றார் கோகிலவாணி. "மாவு பிசையும்போது கூட விரலு தானா மதகத் திறக்குது. எடுத்துருங்க."

நாலு அமர்வுகளில் வேலை முடிந்தது. தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அவர் காற்றில் மதகுகளைத் தள்ளினார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "இருங்க... இருங்கன்னா... இன்னும் ஒண்ணு நிக்குது... ம், இப்பப் போங்க." எதிரே திரையில் முதலில் கோடுகள் வந்தன. பிறகு கல்மதில்கள், இரும்புச் சக்கரங்கள், மழைக்கருக்கலில் மின்னும் ஓடுகள். கடைசி நாளில் தண்ணீரின் சத்தமும் வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாகச் சாருமதி வேலை நேரத்தில் அழுதாள். இல்லாத ஒன்று கண்ணெதிரே எழுந்து நின்றது.

கோகிலவாணி கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். "நல்லா இருக்குதே, யாரு பண்ணுனது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாசிப்பு நன்றாக அமைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பாதி ஆட்டம்தான் கிடைத்திருந்தது. கீழ்ப்பாதிக்காகத் திருப்பூரில் இருந்த பூபதியைச் சாருமதி போனில் கூப்பிட்டாள்.

"தர மாட்டேனுங்க" என்றார் அவர்.

"ஏன் சார்? உங்க மனைவி... அவங்க குடுத்துட்டாங்க."

"குடுத்துட்டாளா?" என்று கேட்டார். "சரி. வெச்சிடறேங்க."

மறுபடி கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை.

*

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வெண்பா வந்தாள். கோகிலவாணியின் மகள், இருபத்து நாலு வயது. வந்தவள் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்கம்மாவ என்ன பண்ணுனீங்க?"

சாருமதிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. போன வாரம் எங்கப்பாவுக்கு ஹார்ட்ல ஆபரேஷன். அம்மாகிட்டச் சொன்னேன். 'அவருக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?'ன்னு கேக்கறாங்க மேடம். கோவத்துல கேக்கல. நெசமாவே கேக்கறாங்க."

"அவங்க பிரிஞ்சுதானே..."

"பிரிஞ்சாங்க. சண்டை போட்டாங்க. எல்லாம் தெரியும். ஆனா அப்பா பொறந்தநாளுக்கு வருஷா வருஷம் பிளம் கேக் போகும். திட்டிக்கிட்டே பேக் பண்ணுவாங்க. 'இவருக்கு சுகரு, எனக்கென்ன, தின்னுட்டுக் கெடக்கட்டும்'னு சொல்லிக்கிட்டே சக்கரை கம்மியாப் போட்டுச் செய்வாங்க. இந்த வருஷம் போகல. ஏன்மான்னு கேட்டா, எதுக்குப் போகணும்கறாங்க. நேத்து என்கிட்டக் கேட்டாங்க: 'அந்தாள நான் எதுக்குக் கட்டுனேன், உனக்குத் தெரியுமா?'"

சாருமதி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவங்க பழகுனது, புடிச்சுப் போனது, கட்டிக்கறேன்னு சொன்னது, எல்லாம் அந்த ஆட்டத்துக்குள்ளதான் மேடம். ரெண்டு வீட்லயும் ஒத்துக்கல. வருஷக்கணக்கா அதுலதான் பேசிக்கிட்டாங்க. நீங்க ஆட்டத்த எடுக்கறேன்னு சொல்லி நல்லது பூராத்தையும் எடுத்துட்டு, சண்டைய மட்டும் உட்டுட்டீங்க." அதுவரை கறாராகப் பேசிய குரல் அங்கே உடைந்தது. "திருப்பிக் குடுங்க. எப்படியாச்சும் திருப்பிக் குடுங்க."

வெண்பாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுச் சாருமதி நேரே எட்வின் அறைக்குப் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"ஆட்டம் மட்டும்தான் போகும்னு சொன்னீங்களே!"

எட்வின் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுவரைக்கும் வாசிச்சதெல்லாம் தனி ஆளு ஆடுனது. சுடறது, ஓடறது, வண்டி ஓட்டறது. அதுல ஆட்டம் மட்டும்தான் போச்சு. இதுல அந்தாளு குரலும் ஆட்டத்துக்குள்ளதான இருந்திருக்கு. அவரு சொன்னாத்தான் அவங்க கை அசையும். மதகையும் குரலையும் தனித்தனியாப் பிரிக்க மெஷினுக்குத் தெரியாது."

"மெஷினுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

"உங்களுக்கும்தான் மேடம்" என்றார் எட்வின். "ரெண்டு பேரு ஆடற ஆட்டம்னு அவங்க சொல்லும்போது நீங்களும்தான் பக்கத்துல இருந்தீங்க. கீழ யாரு இருந்தான்னு கேட்டது கூட மீதிப் பாதி வேணும்கறதுக்காகத்தான."

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"திருப்பி வைக்க முடியுமா?"

"ஞாபகத்த வைக்க முடியாது. ஆடுனா கை திரும்பக் கத்துக்கிடும். ஆட்டத்தப் புதுசா ஆடுன மாதிரி. அது வேற ஞாபகம். ஆனா அதுவாவது இருக்கும்."

ஆட வைக்க வேண்டும். நாட்டில் அந்த ஆட்டம் இருக்கும் ஒரே இடம் இந்தக் காப்பகம். இங்கே ஆடக் கூடாது.

அனுமதி கேட்டு, காப்பகங்களை மேற்பார்வையிடும் ஆணையத்துக்கு எழுதினாள். உரிமையாளரின் சம்மதம் இணைக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உரிமையாளர் யார் என்றே தெரியவில்லை என்று எழுதினாள். அப்படியானால் உரிமையாளர் தெரிந்த பிறகு விண்ணப்பிக்கவும் என்று வந்தது. போனில் ஓர் அதிகாரியைப் பிடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான்மா" என்றார். பிறகு, "ஆனா என்னால இதுல எதுவும் பண்ண முடியாது" என்றார். பதினோரு வருஷத்தில் இந்த இரண்டு வாக்கியங்களையும் இதே வரிசையில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள் என்று அவளுக்கு நினைவில்லை.

இப்படி எழுதிக்கொண்டிருந்ததால் ஒன்று நடந்தது. உரிமையாளர் கிடைத்தார்.

ஆணையம் தன் வழக்கப்படி எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை விட்டிருந்தது. அப்படியொரு ஆட்டம் எங்களுடையதே இல்லை என்று சொன்ன அதே பெங்களூரு நிறுவனம், இப்போது வக்கீல் வைத்து வந்து நின்றது. மதகு எங்கள் சொத்து. எங்கள் அனுமதியில்லாமல் காப்பகம் அதை நகல் எடுத்திருக்கிறது. நகலை அழிக்க வேண்டும்.

வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது; விசாரணை திரை வழியாக நடந்தது. நிறுவனத்தின் வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். சாருமதிக்குக் கடைசியில் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள்.

"ஐயா, இவங்ககிட்டயே ஒரு பிரதி இல்ல. இத அழிச்சா உலகத்துல எங்கயும் இல்ல. வரலாறு அழிஞ்சு போயிடும். நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?"

தீர்ப்பாய உறுப்பினர் வயதானவர், நல்ல மனிதராகவும் தெரிந்தார். "அந்த அம்மா தலைக்குள்ள இருந்தவரைக்கும் அது அவங்க ஞாபகம். அத யாரும் கேக்க முடியாது. நீங்க எடுத்து டிஸ்க்குல போட்டதும் அது நகலாயிடுச்சு. நகல்னா உரிமையாளர் சொல்றதுதான்" என்றார். "ஒரு மாசம் டைம் தர்றேன். அழிச்சிட்டு அறிக்கை அனுப்புங்க."

சாருமதி திரையை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். எதையாவது எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. மேஜைமேல் வீசக்கூடிய எதுவும் இல்லை.

அப்புறம்தான் அந்த உறுப்பினர் சொன்னதன் இன்னொரு பக்கம் அவளுக்கு உறைத்தது. தலைக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாது. கொடுத்தவர், தான் கொடுத்தது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இயக்கிப் பார்க்கலாம் என்று காப்பகத்தின் சொந்த விதியே சொல்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று அந்த விதியில் இல்லை.

வெண்பாவுக்குப் போன் செய்தாள். "அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அப்பாவால வர முடியுமா?"

*

கோகிலவாணிக்கு வரவே இஷ்டமில்லை. "கடைய உட்டுட்டு இங்க வந்து போன்ல ஆடறதா?" என்று மகளைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினார். மேலே பெஞ்சில் பூபதி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிய மார்புப் பட்டை சட்டைக்குள் தெரிந்தது. மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"வா கோகிலா" என்றார்.

"ம்" என்றார் கோகிலவாணி. வங்கியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போன்ற ஒரு 'ம்'.

பூபதி சாருமதியைப் பார்த்தார். "என்ற பாதியக் கேட்டு இப்பவும் கூப்பிடலையே நீங்க?"

"இல்லீங்க சார்."

"அன்னிக்கே சொல்லிருக்கணும் நானு. எடுத்தா என்ன போகும்னு எனக்குத் தெரியும்னு. தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா போன வெச்சுட்டேன். அவ குடுத்துட்டான்னதும் ஒரு ரோசம்."

திரையில் மேல்பாதி மட்டும் இருந்தது. கீழ்ப்பாதி இல்லை, படகும் இல்லை. மதகுகளும் தண்ணீரும் மட்டும். பூபதி கோகிலவாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனதில் படகு இருந்தது. அதைப் பார்த்துச் சொல்வார், கோகிலவாணி மதகைத் திறக்க வேண்டும்.

"இப்ப நான் பள்ளிக்கூடத்துக்கிட்ட நிக்கறேன். கூரை மேல மூணு பேரு. தண்ணி கம்மியா இருக்குது, படகு ஏறாது. கிழக்கு மதகக் கொஞ்சம் திற."

"எது கிழக்கு?"

"வலது கோடி."

கோகிலவாணி திறந்தார். முழுதாகத் திறந்துவிட்டார்.

"போச்சு" என்றார் பூபதி. "மூழ்கிட்டேன்." அவர் சிரித்தார். கோகிலவாணி சிரிக்கவில்லை.

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு சொல்ல வேண்டாமா? இதென்ன பேச்சு?"

"முன்னெல்லாம் சொல்லாமலே தெரியும் உனக்கு."

"இப்பத் தெரியல. ஒழுங்காச் சொல்லுங்க."

அந்த மாதம் முழுக்க அவர்கள் வந்தார்கள். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு கடை ஓய்ந்திருக்கும் பகல்களில் எல்லாம். நிறையச் சண்டை போட்டார்கள். ஒரு நாள் கோகிலவாணி பாதியில் எழுந்து போய்விட்டார். இன்னொரு நாள் பூபதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எட்வின் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஆட்டத்துல இவ்வளவு டென்ஷன் ஆவாதீங்க சார்" என்றார். சாருமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு கணத்தில் கோகிலவாணியின் முகத்தில் பழையது எழுந்து வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராது என்று எட்வின் முதலிலேயே சொல்லியிருந்தார். இருந்தாலும் காத்திருந்தாள்.

கை மட்டும் கற்றுக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் பூபதி சொல்லி முடிக்குமுன் மதகு நகர்ந்தது. ஒரு நாள் அவர் சொல்லவே இல்லை. மூச்சை இழுத்தார், அவ்வளவுதான். கோகிலவாணியின் விரல் இடது மதகை மூடிவிட்டது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் பூபதி.

"மூச்சுப் புடிச்சீங்கள்ல. பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சுது." அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ கேட்பது போல, "மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

"போடணும்."

"சாப்பிட்டுட்டுப் போடுங்க. பன்னு இருக்குது, சக்கரை போடாதது."

வெண்பா அறையைவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டாள்.

கெடு முடிந்த அன்று ஆணையத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். அவர் முன்னிலையில் சாருமதி அழித்தாள். மதில்களும் சக்கரங்களும் தண்ணீரின் சத்தமும் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் ஆயிற்று. வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இங்க வேற ஏதாச்சும் ஆடிப் பாக்கலாங்களா மேடம்? பையன் கேட்டான்" என்றார். கூடாது என்று அவள் சொன்னாள்.

*

ஏழெட்டு மாதம் கழித்து, பெங்களூரு நிறுவனத்திலிருந்து அக்ஷய் என்றொருவர் காப்பகத்துக்கு வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார். தன்மையாகப் பேசினார். பழைய ஆட்டங்களை மறுபடி வெளியிடும் ஒரு பெரிய திட்டம், வழக்கின்போது செய்திகளில் வந்ததால் மதகைப் பற்றி ஏகப்பட்ட பேர் கேட்கிறார்கள், அதைத்தான் முதலில் கொண்டுவரப் போகிறோம் என்றார். அந்த நகல் கிடைக்குமா?

சாருமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். "அழிக்கச் சொன்னீங்க. அழிச்சாச்சு."

"அது தெரியும் மேடம். ஆனா வேற எங்காவது ஒரு பேக்கப்... நாங்க கேஸ் எல்லாம் போட மாட்டோம், நம்புங்க."

"இல்ல."

"அப்படின்னா அந்த அம்மாவ இன்னொரு தடவ வாசிக்க முடியுமா? அவங்க கூட ஆடுன சாரையும் சேத்து. முழு ஆட்டமும் கிடைச்சிடும்ல?"

அவள் ஆசைப்பட்டதும் அதேதான். முழு ஆட்டம். மேலும் கீழும். சாருமதி அவரைக் கூட்டிக்கொண்டு காந்திபுரம் பேக்கரிக்குப் போனாள். நேரில் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் போனாள். தன்னால் அங்கே என்ன பேச முடியும் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

கோகிலவாணி கல்லாவில் இருந்தார். அக்ஷய் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அழிக்கச் சொன்னது யாரு தம்பி?"

"அது எங்க சட்டப் பிரிவு மேடம்."

"இப்பக் கேக்கறது?"

"நாங்க விற்பனைப் பிரிவு."

"ரெண்டு பேரும் ஒரே பில்டிங்குதான?"

அக்ஷய் நெளிந்தார். "ஆமாங்க. வேற மாடி."

கோகிலவாணி ஒரு வாடிக்கையாளருக்குப் பப்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "எடுத்தா மறந்து போயிரும்ல அம்மிணி?" என்று சாருமதியைக் கேட்டார்.

"ஆமாக்கா. ஆட்டம் மட்டும் இல்ல. இந்தத் தடவ நான் முன்னாடியே சொல்லிடறேன். அந்த மாசம் நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்தது, திட்டுனது, எல்லாம் போகும்."

கோகிலவாணி போனை எடுத்தார். பூபதி எடுத்ததும் விஷயத்தைச் சொன்னார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "நீ என்ன சொல்ற?"

"நான் வேண்டாங்கறேன்."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

அவர்கள் இருவரும் ஒன்றில் ஒத்துப்போய் எத்தனை வருஷம் ஆயிற்றோ.

அக்ஷய் சாருமதி பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மேடம். இவங்களுக்கு அப்புறம் இது எங்கயும் இருக்காது. வரலாறு அழிஞ்சு போயிடும். நீங்களே இப்படிச் சும்மா நின்னா எப்படி?"

தீர்ப்பாயத்தில் அவள் சொன்ன அதே வார்த்தைகள். வழக்குக் கட்டில் படித்திருப்பார் போலும். அல்லது அவருக்கும் உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியதோ என்னவோ. அவர் சொன்னது தப்பும் இல்லை.

"அவங்க வேண்டாங்கறாங்க சார்" என்றாள். "நீங்க கிளம்புங்க."

அவர் கார்டு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கோகிலவாணி ஒலிபெருக்கியை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு இன்னும் முடியவில்லை. "...இல்ல, அந்தக் கோயில் திருப்பத்துல நீங்க ஏன் அன்னிக்கு அவ்வளவு நேரம் நின்னீங்க? ...ஓ. அங்க ஒரு வீடா? ...யாரு இருந்தாங்க உள்ள?"

கோயில் திருப்பத்தில் ஒரு வீடு இருந்தது சாருமதிக்குத் தெரியாது. அந்த ஆட்டத்தில் அவள் பார்த்தது மதகும் தண்ணீரும்தான். வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. அப்படி ஓர் ஆசை. கேட்டால் கோகிலவாணி சொல்லியிருப்பார்.

கோகிலவாணி "அட, அப்படியா!" என்று சொல்லிக்கொண்டே, கடைச் சத்தத்தில் காது கேட்காமல் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாருமதி ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.